எலி கடித்த நுனி

பூக்காத ஓர்க்கிட்டுக்குப் பெயர் சொல்வதுதான் என் தொழிலாக இருந்தது. பூத்ததற்குப் பெயர் சொல்ல யாரும் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பதில்லை.

பட்டினத்திலிருந்து வடமராட்சிப் பக்கம் போகிற வீதியொன்றை அகலமாக்கப் போவதாகச் சொன்னார்கள். ஓரத்து மரங்களில் எது நிற்கலாம், எது விழவேண்டும் என்று பட்டியல் எடுக்க ஆள் தேவைப்பட்டது. தாவரவியல் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள். விதி சுலபமானது. மரத்தில் 'வண்டா' என்ற காட்டு ஓர்க்கிட் இருந்தால் மரம் நிற்கும், வீதி கொஞ்சம் வளைந்து போகும். 'அக்காம்பே' என்ற மற்ற ஓர்க்கிட் இருந்தால் செடியை மட்டும் கழற்றி நிழல்வலைக் கொட்டிலில் கொண்டுபோய் வளர்ப்பார்கள், மரம் விழும். முதலாவது அரிது, இரண்டாவது அவ்வளவு அரிதில்லை என்று மேலே இருந்தவர்கள் முடிவெடுத்திருந்தார்கள்.

பூத்து நின்றால் சின்னப் பிள்ளையும் வித்தியாசம் சொல்லும். வண்டாவின் பூ சாரத் துணிபோல மண்ணிறக் கட்டம் போட்டது, நடுவில் ஊதா உதடு. அக்காம்பேயின் பூ சின்னது, மஞ்சள், குறுக்கே செம்மண்ணிறக் கோடு. பூக்காத காலத்தில் இரண்டும் ஒரே அச்சு: மரத்தைக் கட்டிப்பிடித்த தடித்த வேர், இரண்டு பக்கமும் அடுக்கி வைத்த வார் போன்ற இலை. அப்போது இலை நுனியைத்தான் பார்க்கவேண்டும். வண்டாவின் நுனி எலி கடித்ததுபோல ஒழுங்கில்லாமல் இருக்கும். இலை ஒடுங்கி, நடுவால் கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலிபோல மடிந்திருக்கும். அக்காம்பேயின் இலை அகலம், தடிப்பு. நுனி இரண்டாகப் பிளந்து ஒரு பக்கம் நீளமாகவும் மற்றப் பக்கம் கட்டையாகவும் இருக்கும். இதை இருபதடி உயரத்தில், காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்போது, கீழே லொறிக்காரன் கோர்ன் அடிக்க அடிக்கப் பார்த்துச் சொல்லவேண்டும். இரட்டைப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்த ஆசிரியர்களே, ஒரு கீரையைச் சொல்லிவிட வேறு கீரையை வாங்கி வந்து வீட்டில் ஏச்சு வாங்கிய கணவன்மாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த வலி விளங்காது.

பெண் பார்க்க வந்தவள்

நீர்வேலியில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் ஒரு வீடு. அந்த வீட்டு மாமரத்தின் கொப்பு மதிலுக்கு மேலால் வீதிக்கு வந்திருந்தது. கொப்பில் மூன்று செடிகள். ஸ்கூட்டியை மதிலோரம் நிறுத்திவிட்டுத் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தேன். நுனி தெரியவில்லை. இடப்பக்கம் போய்ப் பார்த்தேன், வலப்பக்கம் போய்ப் பார்த்தேன், கடைசியில் மதிலோரத்துக் கல்லில் ஏறி நின்று பார்த்தேன். அரை மணித்தியாலம் போயிருக்கும். அதற்குள் அந்த வீட்டு யன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. வீட்டு உடுப்போடு முற்றத்துக்கு வந்த ஒரு பெண்பிள்ளை என்னைக் கண்டதும் உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் சேலை உடுத்துக்கொண்டு வந்து, காலையில் ஏற்கெனவே நனைந்திருந்த பூங்கன்றுகளுக்கு மறுபடி தண்ணீர் விட்டாள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நான் அவள் தலைக்கு மேலே இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டுமிருந்தேன்.

கேற் திறந்தது. வீட்டுக்கார ஐயா வேட்டியைச் சரிசெய்தபடி வந்தார். பின்னால் அவர் மனைவி, தட்டில் ஒரு கிளாஸ் குளிர்பானத்தோடு. ஐயா என் தொலைநோக்கியை ஒருமுறை பார்த்தார், புத்தகத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு மரியாதை குறையாமல் சொன்னார்: "பிள்ளை மாப்பிள்ளை பகுதியே? உதிலை நிண்டு கண்ணாடியாலை பாக்காதேங்கோ, உள்ளுக்கை வந்து வடிவாப் பாருங்கோ. சாதகமும் எடுத்து வைச்சிருக்கிறன்."

துப்புரவான மரம்

எங்கள் பக்கத்தில் மரத்தில் குருவிச்சை பிடித்திருந்தால் வீட்டுக்காரருக்கு அது ஒரு குறை. குருவிச்சை மரத்தின் சாற்றை உறிஞ்சிக் குடிக்கும் செடி. ஓர்க்கிட் அப்படியில்லை, சும்மா பிடித்துக்கொண்டு மழையையும் காற்றையும் நம்பி இருக்கும். ஆனால் அண்ணாந்து பார்க்கிறவருக்கு மேலே ஒட்டிக்கொண்டிருப்பதெல்லாம் குருவிச்சைதான். இந்த விளக்கத்தை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவருக்குத் தொலைபேசியில், "சேர், உங்கடை படலைக்கு முன்னாலை நிக்கிற வேம்பிலை ஒட்டியிருக்கிறதைப் பாக்க நாளைக்கு வாறன்" என்று மட்டும் சொன்னேன்.

போனபோது வேம்பு மொழுமொழுவென்று நின்றது. செடிகள் எல்லாம் வேலியோரம் குவியலாகக் கிடந்தன. இலைகள் மிதிபட்டுப் போயிருந்தாலும் குவியலுக்குள் நீளமான, வரி விழுந்த காய்கள் இருந்தன. அந்தக் காய் வண்டாவினுடையதுதான். அதுவரை செய்த வேலையில் ஒரு சந்தேகமும் இல்லாமல் நான் சொல்லக்கூடியதாக இருந்த முதல் வண்டா அது. ஆனால் எங்கள் படிவம் மரத்தில் இருப்பதைத்தான் கேட்டது, வேலியோரம் கிடப்பதைக் கேட்கவில்லை. அழுகை வந்தது. அதிபர் என் முகத்தை வேறு விதமாக விளங்கிக்கொண்டு பெருமையோடு மரத்தில் தட்டினார்: "பிள்ளை வருதெண்டு விடியவே ஆள் பிடிச்சுச் சுரண்டுவிச்சனான். பாருங்கோ, மொட்டை அடிச்ச பிள்ளையின்ரை தலை மாதிரி எவ்வளவு வடிவாக் கிடக்கு."

இலுப்பையும் தேத்தண்ணிக் கடையும்

கரவெட்டிப் பக்கத்தில் வீதி திரும்புகிற இடத்தில் ஒரு இலுப்பை நின்றது. எங்கள் பட்டியலில் நாற்பத்தொராவது மரம். அதன் அடியில் பாக்கியம் அக்காவின் தேத்தண்ணிக் கடை. நாலு தடி, இரண்டு தகரம், உட்கார ஒரு வாங்கு. நாலாவது சுவருக்கு அவர் செலவழிக்கவில்லை. இலுப்பையின் அடிமரமே சுவர். அடுப்பும் அதோடு ஒட்டித்தான் இருந்தது. வடை சுடுகிற புகை அடிமரத்தைத் தடவிக்கொண்டு மேலே போகும். தகரத்துக்குச் சற்று மேலே தொடங்கி, கவருக்குள்ளும் கொப்புகளிலுமாக ஏழு ஓர்க்கிட் செடிகள். மரம் நின்றால் கடை நிற்கும். மரம் போனால் அந்த இடம் தார் றோட்டுக்குள் போய்விடும். அக்காவுக்கு வேறு இடமும் இல்லை, வேறு வருமானமும் இல்லை. இரண்டு மகள்களையும் படிக்க வைத்தது அந்த அடுப்புத்தான்.

நான் போன முதல் நாளே விசயத்தைச் சொல்லிவிட்டேன். ஒளிப்பது சரியில்லை என்று தோன்றியது. "பூத்தால்தான் அக்கா நிச்சயமாச் சொல்லலாம். ஊதா உதடு வைச்ச பூவெண்டால் மரம் நிக்கும். சின்ன மஞ்சள் பூவெண்டால் வெட்டுவினம்" என்றேன். அவர் வடைச்சட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அன்றிலிருந்து நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "பூத்திட்டுதே?" என்று விசாரிப்பார். மரம் அவர் தலைக்கு மேலே நிற்கிறது, பார்க்கவேண்டியவர் அவர்தான், ஆனாலும் என்னிடம்தான் கேட்பார். மருத்துவரிடம் கேட்கிறமாதிரி. ஒரு நாள் தேத்தண்ணியை ஆற்றித் தந்துவிட்டு, யோசித்து முடித்த முகத்தோடு சொன்னார்: "சந்தி வைரவருக்கு வடைமாலை சாத்திறன் எண்டு நேத்தி வைச்சிட்டன் பிள்ளை. ஊதா எண்டு விளங்கச் சொல்லித்தான் வைச்சனான், பேந்து மாறிப்போகக்கூடாது."

சமைத்துப் பார்க்கலாம்

வீதி வேலைக் கந்தோரில் எனக்குத் துணையாக வரைபடம் கீறுகிறவர் டிலக்சன். குருநகர்க்காரர், கடல் தொழில் செய்கிற குடும்பம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறாத அவர், மற்ற நாட்களில் தன் கைத்தொலைபேசியில் இருந்த ஒரு செயலியை முழுதாக நம்பினார். இலையைப் படம் பிடித்துக் காட்டினால் செடியின் பெயர் சொல்லும் செயலி. இலுப்பையில் இருந்த செடியைக் காட்டினோம். முதலில் சோளம் என்றது. கிட்டப்போய்க் காட்டினோம், தாழை என்றது. வெளிச்சம் போதாது என்று வாங்கில் ஏறி நின்று காட்டியபோது வெங்காயம் என்றது. வெங்காயம் விளைகிற ஊரென்று அதற்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று நான் சொன்னேன்.

டிலக்சன் சிரிக்கவில்லை. உண்மையிலேயே உதவி செய்ய விரும்பினார். கரைக்கு வருகிற மீன்களிலும் இப்படி இரண்டு ஒன்றுபோல இருப்பதுண்டு, அதற்கு அவர்கள் வீட்டில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, செடியை அண்ணாந்து பார்த்து முடித்தார்: "பிரிச்சுச் சொல்ல ஏலாத மீனெண்டால் அம்மா காய்ச்சித் திண்டு பாத்துப்போட்டுத்தான் பேர் சொல்லுவா மிஸ். உதிலை ஒரு இலையை அக்காவின்ரை அடுப்பிலை போட்டுப் பாப்பமே?"

ஒன்பதாம் நிரல்

படிவத்தின் ஒன்பதாம் நிரலில் இனத்தின் பெயர் எழுதவேண்டும். மூன்று பெட்டிகள் இருந்தன: வண்டா, அக்காம்பே, ஒன்றுமில்லை. 'தெரியவில்லை' என்பதற்குப் பெட்டி இல்லை. மற்ற மரங்களை எப்படியோ முடித்துவிட்டேன். நாற்பத்தொன்று மட்டும் வெறுமையாகக் கிடந்தது. மழை பெய்து பூக்கும்வரை பொறுக்கச் சொல்லிப் பொறியியலாளரிடம் கேட்டேன். நல்ல மனிதர், மேசையில் எப்போதும் ஒரு பூச்சாடி வைத்திருப்பார், பிளாஸ்ரிக் பூ. வெறும் பெட்டியை மரம் வெட்டுகிறவர்கள் 'ஒன்றுமில்லை' என்றுதான் வாசிப்பார்கள் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். அடுத்த நாள் பின்னேரம்வரை தவணை.

ஏணி இரவல் வாங்கிக்கொண்டு போனேன். பாக்கியம் அக்கா அடுப்பை விட்டுவிட்டு வந்து ஏணியைப் பிடித்தார். ஏணிக்கு எட்டியவை கீழிருந்த இரண்டு செடிகள்தான். மேலே உள்ளவை வெயிலுக்கு எதிராக வெறும் நிழலாகத் தெரிந்தன. எட்டிய இரண்டிலும் இலை ஒடுங்கி மடிந்திருந்தது. நுனியைத் தடவிப் பார்த்தேன். ஒழுங்கில்லை. அங்கங்கே கடித்து எடுத்ததுபோல இருந்தது. தாவரவியல் புத்தகத்தில் சொன்ன எலி இங்கேயும் வந்துவிட்டுப் போயிருந்தது. கீழே குனிந்தால் அக்காவின் முகம். ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். இலையை மட்டும் பார்த்து எழுதினேன் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் இலையும் அதைத்தான் சொன்னது.

'வண்டா' என்ற பெட்டியில் சரி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொறியியலாளர் படிவத்தை மேலிருந்து கீழே பார்த்து, ஒரு வெறும் பெட்டியும் இல்லை என்று கண்டதும் முகம் மலர்ந்தார்: "பாத்தீங்களே மிஸ், தவணை குடுத்தால் எல்லாம் தெரிய வருது."

நீலப் பட்டை

வெட்டக்கூடாது என்பதற்கு அடையாளமாக அடிமரத்தில் நீல மையால் பட்டை அடிப்பார்கள். வீதி முழுக்க மூன்று மரங்களுக்குத்தான் அது கிடைத்தது. ஒரு புளி, ஒரு வாகை, பாக்கியம் அக்காவின் இலுப்பை. அக்காம்பே இருந்த மரங்கள் விழுந்தன. அவற்றின் செடிகளைக் கொட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த காவலாளி இரக்கமுள்ளவர், காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். காற்றைக் குடித்து வாழ்ந்த செடிகள் வேர் அழுகிச் செத்தன. வண்டாவாவது தப்பியதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நீலப் பட்டை மரம் வெட்டுகிறவர்களுக்காக அடித்தது. வேறு யாரும் அதைப் படிப்பார்கள் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு மாதத்துக்குள் புளியிலும் வாகையிலும் ஒரு செடி இல்லை. மரத்தோலில் வேர் உரிந்த வெள்ளைத் தழும்புதான் மிச்சம். செடி இல்லையென்றால் மரம் விழும் என்பதுதான் விதி. இரண்டையும் வெட்டினார்கள்.

இலுப்பையில் மட்டும் கை வைக்கவில்லை. பாக்கியம் அக்காவின் காவல் என்று நினைத்து, அவரைப் பாராட்ட ஒரு காலையில் போனேன். வாங்கில் ஒருவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஈரச்சாக்கு. சாக்கின் வாயால் தடித்த வெள்ளை வேர்கள் எட்டிப் பார்த்தன. ஓர்க்கிட் வேரைப் பெயர் தெரியாத நாட்களிலேயே எனக்குத் தெரியும். சத்தம் போட்டேன். வண்டி இலக்கத்தைக் குறித்துக்கொண்டேன், பொலிசுக்குச் சொல்லப்போகிறேன் என்றேன். பிறகு சொல்லவும் செய்தேன். பொலிசார் தேடிப்போனபோது சாக்கில் வல்லாரை இருந்ததாம். அன்று அவர் பதறவில்லை. தான் மருந்துமூலிகை எடுக்கிற ஆள், வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களும் கேட்பார்கள், அவ்வளவுதான் என்றார். "அப்ப இந்த மரத்தை மட்டும் ஏன் விட்டனீங்கள்?" என்று கேட்டேன். கோபத்தில் கேட்ட கேள்வி. அவர் மேலே பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், பிறகு என்னை ஒரு இரக்கத்தோடு பார்த்தார்: "கோவியாதேங்கோ மிஸ். புளியும் வாகையும் நீங்கள் சரியாத்தான் பட்டை அடிச்சனீங்கள். உது மற்ற இனம், அடுப்பு வெக்கையிலை இலை சுருங்கி, நுனி கருகிக் கொட்டுண்டு அப்பிடி நிக்குது, உதை ஆர் கேக்கினம்?"

மஞ்சள்

கள்ளன் சொல்லித் திருந்த எனக்கு மனம் வரவில்லை. புத்தகத்தை மறுபடி படித்தேன். எலி கடித்த நுனியைப் பற்றி நாலு வரி இருந்தது. அடுப்புப் புகையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதை எழுதியவர் தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில் நின்று ஓர்க்கிட் பார்த்ததில்லைப் போலும். இரவில் படுத்தால் நுனிதான் கண்ணுக்குள் வரும். கருகியது என்றால் ஓரம் கறுத்திருக்க வேண்டுமே, கறுத்திருந்ததா? அன்றைக்கு நான் நிறத்தைப் பார்க்கவில்லை, தடவித்தான் பார்த்தேன். போய் மறுபடி ஏறிப் பார்த்திருக்கலாம். போகவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. பிழையென்று தெரிந்துவிட்டால் சொல்ல வேண்டிவரும், சொன்னால் மரம் போகும், மரம் போனால் பாக்கியம் அக்கா நடு றோட்டில் நிற்பார்.

மழை பெய்தது. வீதி வேலையும் நடந்துகொண்டிருந்தது. ஒரு காலை, நான் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. பாக்கியம் அக்கா. பக்கத்தில் யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல அடித்தொண்டையில் கதைத்தார்: "பிள்ளை, பூத்திட்டுது. மஞ்சள். இன்னும் ஒருத்தரும் காணேல்லை, கிள்ளி அடுப்புக்கை போட்டுவிடட்டே?"

கடிதம்

"ஓம், போடுங்கோ" என்று என் வாய்வரை வந்தது. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்களும் உங்கள் தொழிலில் இப்படி ஒரு நிமிடம் நின்றிருப்பீர்கள். நான் படித்த படிப்புக்கு அந்தப் பூ ஒன்றுதான் சாட்சி. அதை நானே அடுப்பில் போடச் சொன்னால் பிறகு எந்த இலைக்கும் பெயர் சொல்ல எனக்கு வாய் இருக்காது. "அக்கா, போடாதேங்கோ, நான் வாறன்" என்றேன். அவர் டக்கென்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

போய்ப் பார்த்தேன். மேல்கொப்புச் செடியொன்றில் சின்னச் சின்ன மஞ்சள் பூ, குறுக்கே செம்மண்ணிறக் கோடு. அக்காம்பே. மூன்று வரிக் கடிதம் எழுத ஒரு பகல் பிடித்தது. நாற்பத்தொராம் இலக்க மரத்தில் இருப்பது வண்டா அல்ல, பிழை என்னுடையது, மரத்தையும் கடையையும் பற்றி நல்ல முடிவு எடுக்கவும். கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். பொறியியலாளர் இரண்டு தரம் வாசித்தார். வரைபடத்தை விரித்து இலுப்பையைச் சுற்றி வளைந்த கோட்டை விரலால் தடவினார். பிறகு கடிதத்தை நாலாக மடித்து, கோப்புக்குள் அல்ல, பிளாஸ்ரிக் பூச்சாடிக்குக் கீழே வைத்தார்: "மிஸ், கரவெட்டிப் பக்கம் றோட்டு வளைஞ்சு, தாரும் ஊத்தியாச்சு. இனி நிமிர்த்த ஏலாது. வேணுமெண்டால் பூவைத்தான் மாறிப் பூக்கச் சொல்லவேணும்."

வடைமாலை

செய்தியைச் சொல்ல ஓடினேன். கடையில் அடுப்பு எரிந்தது, ஆனால் வடை ஒன்றும் விற்பனைக்கு இல்லை. எல்லாம் நூலில் கோத்து வைரவரிடம் போய்விட்டது. நான் கடிதம் கொடுத்ததைச் சொன்னதும் பாக்கியம் அக்கா கரண்டியை ஓங்கினார். மரத்தை வெட்டமாட்டார்கள் என்றதும் அதே கரண்டியால் தேத்தண்ணிக்குச் சீனி போட்டார். ஊதா கேட்டு வைத்த நேர்த்தியை மஞ்சளுக்கு எதற்கு நிறைவேற்றினீர்கள் என்று கேட்டேன். அவர் மேலே அந்தச் சின்னப் பூக்களைப் பார்த்துவிட்டு, வைரவரை மன்னித்துவிட்ட குரலில் சொன்னார்: "சுத்தித் தார் ஊத்தினாப் பிறகும் மரம் நிக்குதெல்லே பிள்ளை. அவரும் உங்களை மாதிரி இலை நுனியைப் பாத்துத்தான் முடிவெடுத்திருக்கிறார், அதுக்கு நான் என்னெண்டு கோவிக்கிறது?"

சரியாகப் பெயர் சொன்ன மரமெல்லாம் விறகாகிப் போக, பிழையாகப் பெயர் சொன்ன ஒரேயொரு மரத்தின் நிழலில் இருந்துதான் நான் இப்போதும் தேத்தண்ணி குடிக்கிறேன்.